சுளகும் சரியும் தட்டும்: றோபோக் கைகளைப் பற்றி வன்னியிலிருந்து

ஒரு தட்டு. நாலு பக்கமும் சின்ன விளிம்பு. அதற்குள் ஒரேயொரு அலன் கீ, சைக்கிள் கடையில் கொத்தாகத் தொங்குமே, ஒரு முனை வளைந்த அந்த அறுகோணக் கம்பி. தட்டைப் பிடித்திருப்பது ஒரு றோபோக் கை. கம்பி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று றோபோவுக்குத் தெரியாது. கமெரா இல்லை, தொட்டறியும் உணரியும் இல்லை. ஆனாலும் அது தட்டை ஒரு பக்கம் சரிக்கிறது, பிறகு இன்னொரு பக்கம், பிறகு வேறொரு பக்கம். கம்பி வழுக்கி விளிம்பில் முட்டி, திரும்பி, மூலையில் ஒதுங்குகிறது. எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கிடையில் வந்து நிற்கும்படி, அந்தச் சரிவுகளின் ஒழுங்கைக் கணினி முன்னதாகவே கணித்து வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக்கல் எர்ட்மனும் மத்தியூ மேசனும் செய்த வேலை இது. 1988 இல் கட்டுரையாக வந்தது. உணரிகளே இல்லாமல் பொருட்களைக் கையாளலாமா என்பதுதான் அவர்களின் கேள்வி.

கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பொறியியல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். இந்தத் தட்டைப் பற்றி முதன்முதலில் வகுப்பில் விளக்கியபோது, கரும்பலகையில் நான் படம் கீறி முடிக்கும் முன்னரே பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள்: "இது சுளகு தானே சேர்."

அவள் சொன்னதை நான் இன்றுவரை விட்டுவிடவில்லை. இந்தக் கட்டுரையும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

சுளகைப் பிடித்த கை தனித்தனி அரிசியைத் தொடுவதில்லை. கல்லைத் தேடிப் பொறுக்குவதும் கடைசியில்தான். என் அம்மம்மா கண்ணை வீதியில் வைத்துக்கொண்டே புடைப்பா. மேலே எறிந்து விழுத்தினால் உமியும் தூசும் காற்றில் பின்தங்கி வெளியே போகும், அது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்து ஒதுக்கினால் கொழித்தல். முன்னும் பின்னும் மெல்லச் சுண்டி, குறுணலை ஒரு பக்கமும் முழு அரிசியை இன்னொரு பக்கமும் பிரித்தால் நாவுதல். தெள்ளுதல் என்றும் ஒரு சொல் இருக்கிறது. ஒரே தட்டு, ஒரே இரண்டு கை. அசைவு மாற மாற வேலை மாறுகிறது, வேலைக்கு வேலை பெயரும் மாறுகிறது. அடுத்து அரிக்கன் சட்டி. உள்வயிற்றில் வரிவரியாகப் பள்ளம் வைத்த மண்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சரித்து ஊற்றும்போது அரிசி தண்ணீரோடு போகும், கல் வரியில் தங்கும். பார்க்கவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்ற அறிவு கையிடம் இல்லை. அது சட்டியின் வடிவத்திலும் அசைவின் ஒழுங்கிலும் இருக்கிறது.

மேசனின் ஆய்வு முழுவதும் ஏறக்குறைய இந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. கையாளும் திறமையில் எவ்வளவு விரலில் இருக்கிறது, எவ்வளவு மூளையில், எவ்வளவு உராய்விலும் ஈர்ப்பிலும் பாத்திரத்தின் வளைவிலும்?

தொழிற்சாலை றோபோவின் கதை பழையது. 1961 இல் நியூ ஜேர்சியிலிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் யுனிமேற் என்ற இயந்திரக் கை வேலைக்குச் சேர்ந்தது. சூடான வார்ப்புத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் வேலை. துண்டு எப்போதும் ஒரே இடத்தில், ஒரே கிடையில் வரும். கை அங்கே போய்ப் பிடித்தால் போதும். இன்றும் காருக்கு ஒட்டு வைக்கும் றோபோ அப்படித்தான் வேலை செய்கிறது, உலகம் அதற்காக முன்னரே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்கு ஒரு சாண் பிசகினால் கை வெறும் காற்றைப் பிடிக்கும். கச்சான் செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக் கடலையை ஆயும் வேலையை அந்தக் கையிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரு செடியைப் போல இன்னொன்று இல்லை. மண் ஒருநாள் ஈரம், ஒருநாள் காய்ச்சல். கடலை கொடியில் எங்கே தொங்குகிறது என்பது செடிக்குச் செடி வேறு. விசுவமடுவில் பத்து வயதுப் பிள்ளை கதைத்துக்கொண்டே செய்யும் வேலை இது. சதுரங்கத்தில் உலகச் சம்பியனை வென்ற கணினிகள் வந்து பல பத்து ஆண்டுகள் ஆனபிறகும் இதைச் செய்ய எந்தக் கணினியும் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? பொதுவாகச் சொல்லப்படும் பதில், மனிதக் கையைப் போல நுட்பமான கை இன்னும் செய்யப்படவில்லை என்பது. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பிப் படிப்பித்தேன். மேசனின் எழுத்துகளை வாசித்தபின் அந்தப் பதில் பிழை என்றுதான் எனக்குப் படுகிறது, குறைந்தபட்சம் அரைகுறையான பதில்.

மேசன் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்தவர். 1982 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே ஆண்டு கார்னெகி மெலனுக்கு வந்தார். 2004 தொடக்கம் 2014 வரை அங்குள்ள றோபோவியல் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தார். கையாளுதல் என்றால் என்ன என்பதற்கு 2018 இல் அவர் ஒரு வரையறை எழுதினார். அதன் சாரம் இதுதான்: தேர்ந்தெடுத்த தொடுகைகளின் வழியாகச் சூழலைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவது. அதில் 'பிடித்தல்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். தள்ளலாம், உருட்டலாம், எறியலாம், சரிக்கலாம், தட்டலாம். எல்லாம் கையாளுதல்தான்.

அவரின் கலாநிதி ஆய்வு தள்ளுவதைப் பற்றியது. தள்ளுவதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வீட்டில் ஓர் அலுமாரியைச் சீமெந்து நிலத்தில் தள்ளிப் பாருங்கள். நேரே போகும் என்று நினைத்துத் தள்ளுவீர்கள், அது ஒரு பக்கம் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று கணிக்க வேண்டுமானால் ஒவ்வொரு காலிலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தெரியவேண்டும். நிலமோ மேடு பள்ளம். ஒரு கால் தூக்கி நிற்கிறதா, ஒரு காலுக்குக் கீழே மண் கிடக்கிறதா, யாருக்குத் தெரியும்? உராய்வு எங்கே எவ்வளவு என்பது தெரியாதபோது அசைவைச் சரியாகக் கணிக்க வழியில்லை. பொறியியலாளர்கள் இந்த இடத்தில் உராய்வை ஒரு தொல்லையாக ஒதுக்கிவிடுவது வழமை.

மேசன் ஒதுக்கவில்லை. எவ்வளவு திரும்பும் என்று தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் திரும்பும் என்று நிச்சயமாகச் சொல்லலாம் என்று அவர் நிறுவினார். அதற்கு மூன்று கோடு கீறினால் போதும். தள்ளும் கை அலுமாரியைத் தொடும் புள்ளியிலிருந்து உங்கள் கை நகரும் திசையில் ஒரு கோடு. மற்ற இரண்டும் உராய்வுக் கூம்பின் விளிம்புகள். அதாவது தொடும் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரு குறித்த கோணம் வரைதான் கையால் விசை கொடுக்க முடியும், அதற்கு மேல் கை வழுக்கிவிடும். அந்தக் கோணத்தைத் தீர்மானிப்பது உராய்வுக் குணகம். இனி அலுமாரியின் உராய்வு மையத்தைப் பாருங்கள், நிலத்தின் உராய்வு முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டதாக எண்ணினால் அந்தப் புள்ளி. நிலம் எங்கும் ஒரே தன்மை என்றால் அது ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே இருக்கும். மூன்று கோடுகளும் வாக்குப் போடுகின்றன. மூன்றில் குறைந்தது இரண்டு கோடுகள் அந்த மையத்துக்கு இடப்புறமாகப் போனால் அலுமாரி வலஞ்சுழியாகத் திரும்பும். வலப்புறமாகப் போனால் இடஞ்சுழி. எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்பது கேள்வியிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட அன்று எனக்குக் கிடைத்த சந்தோசத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அளக்க முடியாத ஒன்று நடுவில் நிற்கிறது, அதைச் சுற்றிப் போக ஒரு பாதை இருக்கிறது. 1986 இல் இது விரிவாக வெளிவந்தது. அதற்குப் பிறகு தள்ளல் ஒரு கருவியாகவே மாறியது. மேசையில் கோணலாகக் கிடக்கும் ஒரு கட்டையை நீள அடிமட்டத்தால் தள்ளிக்கொண்டு போனால், அது சுழன்று தன் தட்டையான பக்கத்தை அடிமட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதாவது கட்டை எவ்வளவு கோணலாகக் கிடந்தது என்று றோபோவுக்குத் தெரியத் தேவையில்லை. தள்ளித் தள்ளியே கோணலை அழித்துவிடலாம். கடதாசிக் கட்டை மேசையில் தட்டி நிமிர்த்துவதும் இதே வேலைதான். எந்தத் தாள் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று யாரும் அளப்பதில்லையே.

விசையைக் கட்டுப்படுத்துவது பற்றி 1981 இல் அவர் எழுதியதும் முக்கியமானது. அதை விளக்க என் வகுப்பில் லாச்சியைத்தான் எடுப்பேன். பழைய மேசை லாச்சியை ஒரு பக்கப் பிடியில் மட்டும் பிடித்து இழுத்தால் அது கோணி இறுகிவிடும். பலங்கொண்டு இழுத்தால் இன்னும் இறுகும். விசை கூடக் கூட உராய்வும் கூடுவதால் பலம் உதவாது. நடுவில் பிடித்து மெல்ல ஆட்டினால் வரும். துவாரத்தில் தண்டைச் செருகும் றோபோவுக்கும் இதே சிக்கல் வந்தது. அது இடத்தை மட்டும் அறியும், விட்டுக்கொடுக்கத் தெரியாது. மில்லிமீற்றரின் சிறு பகுதி பிசகினாலும் தண்டு இறுகும், அல்லது உடையும். மசாசூசெட்ஸிலிருந்த டிறேப்பர் ஆய்வுகூடத்தில் டானியல் விட்னியும் கூட்டாளிகளும் 1970களில் இதற்கு ஓர் எளிய தீர்வு செய்தார்கள். றோபோவின் மணிக்கட்டில் பொருத்தும் ஒரு சின்னத் துண்டு. மோட்டார் இல்லை, கணினி இல்லை, நெகிழும் பாகங்கள் மட்டும். அவை அமைக்கப்பட்ட விதத்தால், தண்டின் நுனி ஓரத்தில் பட்டால் தண்டு கோணாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்து கொடுக்கும். கோணல் இருந்தால் இடம் மாறாமல் அந்த இடத்திலேயே நிமிரும். அறிவைப் பொறிமுறைக்குள் ஊற்றி வைப்பது என்று நான் இதைச் சொல்வேன். அரிக்கன் சட்டியின் வரிகளும் அப்படித்தான்.

இனிக் கைகளுக்கு வருவோம்.

1980களின் தொடக்கத்தில் கென்னத் சாலிஸ்பரி மூன்று விரல், ஒவ்வொரு விரலுக்கும் மூன்று மூட்டு என்று ஒரு கையை உருவாக்கினார். றோபோக் கைகளின் வரலாற்றில் அது பெரிய அடி. மேசனும் அவரும் சேர்ந்து 1985 இல் றோபோக் கைகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் விரல்கள் கூடின, மூட்டுகள் கூடின, விலையும் கூடியது. ஆனால் பல வருடம் கழித்து அதே மேசன் எதிர்த்திசையில் நடந்தார். அல்பேர்ட்டோ றொட்றிகெஸ் உள்ளிட்டோரோடு சேர்ந்து, ஒரேயொரு மோட்டார் இயக்கும் எளிய விரல்கள் கொண்ட கை ஒன்றை எடுத்து, ஒரு பெட்டியில் குவிந்து கிடந்த மார்க்கர் பேனைகளை எடுக்க விட்டார். கை குவியலுக்குள் இறங்கி மூடிக்கொள்ளும். எதைப் பிடிக்கிறோம் என்று முன்னதாகத் திட்டமிடாது. மூடிய பிறகு விரல்கள் எந்தக் கோணத்தில் நின்றன என்பதைப் பார்த்து, கைக்குள் எத்தனை பேனை இருக்கிறது, ஒன்றுதான் என்றால் அது எந்தக் கிடையில் இருக்கிறது என்று கற்றுக்கொண்ட அனுபவத்திலிருந்து ஊகிக்கும். பிடி பிழைத்திருந்தால் போட்டுவிட்டு மறுபடி இறங்கும். 2012 இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வடிவமைப்பு பற்றிய ஒரு யோசனை: பொருள் கைக்குள் அமரக்கூடிய நிலைகள் எவ்வளவு குறைவோ கை அவ்வளவு நல்லது. அப்போது ஊகிக்க வேண்டியதும் குறைந்துவிடும்.

எளிய கைக்கு என்ன இயலும் என்று கேட்பவர்கள் வன்னிக்கு வந்து பார்க்கலாம். எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணை இருக்கிறார். 2009 இல் வலது முழங்கைக்குக் கீழே இழந்தவர். அவரிடம் இரண்டு செயற்கைக் கைகள் உண்டு. ஒன்று ஐந்து விரலோடு தோல் நிறத்தில், கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போட்டுப் போவார். மற்றது இரண்டாகப் பிளந்த உலோகக் கொளுக்கி. றப்பர் வளையங்கள் அதை மூடி வைத்திருக்கும். தோளைச் சுற்றிய பட்டியிலிருந்து ஒரு கேபிள் வருகிறது, தோளை முன்னே தள்ளினால் கொளுக்கி திறக்கும், சைக்கிள் பிறேக் மாதிரி. இந்த வடிவத்துக்கு டொறன்ஸ் என்ற அமெரிக்கர் 1912 இல் காப்புரிமை பெற்றார். கையை இழந்த ஒருவர் தனக்காகவே செய்து கண்டுபிடித்த பொருள் அது. நூறு வருடத்துக்கு மேலாக அடிப்படை மாறவில்லை. அந்த அண்ணை கொளுக்கியால் மாட்டுக் கயிறு முடிவார், தண்ணீர் பம்பியைக் கழற்றிப் பூட்டுவார், நெருப்புப்பெட்டி பிடிப்பார். ஒரு அசைவு மட்டும் தெரிந்த இரண்டு உலோகக் கிளை. அதற்கு இவ்வளவும் இயலும் என்றால், இதுவரை குறையாக இருந்தது விரலின் எண்ணிக்கை அல்ல. எந்தப் பக்கத்தால் தொடுவது, எதில் முட்டுக்கொடுத்துத் திருப்புவது, எப்போது தொடையில் அழுத்திப் பிடிப்பது என்ற அறிவு. அந்த அறிவை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் அதைப் பட்டுப் படித்தார்.

பலவிரல் கைகளை ஆராய்வது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் கண்காட்சிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றதும் ஐந்து விரல் பிளாஸ்ரிக் கையை அச்சடித்து, அது மூடித் திறப்பதைக் காட்டிவிட்டு நிற்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்தக் கை ஒரு கோப்பையைக்கூடத் தூக்குவதில்லை. அதே பிள்ளையின் வீட்டில் சுளகு தொங்குகிறது.

சுளகு இயந்திரமாக மாறியும்விட்டது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. பெரும்போக அறுவடைக்கு வயலில் இறங்கும் வெட்டுமெசினின் வயிற்றுக்குள் ஆடும் அரிதட்டுகள் இருக்கின்றன, கீழிருந்து விசிறி காற்றை ஊதுகிறது. நெல் மேலே எழும்பி விழுகிறது, பதர் காற்றோடு போகிறது. அது புடைத்தல். அரிசி ஆலையில் கல் நீக்கும் மெசினைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். சாய்ந்த துளைத்தட்டு ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும், துளைகள் வழியாகக் காற்று மேலே வரும். அரிசியைக் காற்று சற்றுத் தாங்குவதால் அது மிதந்தமாதிரிச் சரிவில் கீழே இறங்கும். கல் பாரம், காற்றுக்கு எழும்பாது. தட்டோடு ஒட்டிக் கிடக்கும். தட்டின் ஒவ்வொரு அதிர்வும் உராய்வால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உந்தும். கல் மேட்டை நோக்கி ஏறுகிறது, அரிசி பள்ளத்தை நோக்கி வழிகிறது. கண்ணால் பார்க்காதவர் நம்பமாட்டார். மேசனிடம் படித்த கெவின் லிஞ்ச், தன் கூட்டாளிகளோடு, தட்டொன்றை எப்படி அதிரவைத்தால் அதன்மேல் கிடக்கும் பொருள் எந்தத் திசையில் நகரும் என்று பின்னாளில் கணித ரீதியாக ஆராய்ந்தார். அதற்கு முன் 1999 இல் லிஞ்சும் மேசனும், ஒரேயொரு மூட்டுள்ள கையால் பொருளை எறியவும் உருட்டவும் திரும்ப ஏந்தவும் முடியும் என்று செய்து காட்டினார்கள். விரலே இல்லாத கை. அம்மம்மாவின் சுளகுக்கு இரண்டு மணிக்கட்டு இருந்தது, அவர்கள் ஒரு மூட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கையாளுதலின் மிகக் கடினமான வேலை ஒன்று வன்னியில் நாள்தோறும் நடக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த மண்ணிலிருந்து றோபோக் கையைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

மிதிவெடி அகற்றல். முகமாலையிலும் ஆனையிறவைச் சூழவும் முல்லைத்தீவுக் காடுகளின் ஓரத்திலும் ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவுகளும் இந்த வேலையைச் செய்துவந்திருக்கின்றன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. இங்கே புதைந்தவற்றில் பாகிஸ்தானில் செய்த பி-4 வகை அதிகம். உறை பிளாஸ்ரிக், உலோகம் மிகக் குறைவு. மண்ணிலோ சன்னமும் செல் துண்டும் நிறைய. உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோனால் ஒன்றுக்கும் உதவாத துண்டுகளுக்கெல்லாம் கத்தும், ஆளைக் கொல்லும் பொருளுக்கு மெல்ல முனகும். ஆகவே பல இடங்களில் வாரியால் வேலை செய்கிறார்கள். 2002 யுத்தநிறுத்தக் காலத்திலேயே வன்னியில் வேரூன்றிய முறை இது. தோட்டத்துக் குப்பைவாரியின் உறவுக்காரன் என்று சொல்லலாம். தடித்த பல்லுள்ள வாரி முன்னால் நிற்கும் மண்முகத்தை உடைக்கிறது, மெல்லிய பல்லுள்ள வாரி உதிர்ந்ததை இழுத்தெடுக்கிறது. பிடி நீளம், வெடித்தால் முகத்துக்கும் வெடிக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும் அல்லவா. இந்த வேலையில் பெண்கள் பலர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களில் உண்டு.

இதை மேசனின் கண்ணால் பார்த்தால் என்ன தெரிகிறது? மிதிவெடி மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும்படி செய்யப்பட்டது. பக்கத்திலிருந்து மெல்லத் தொட்டால் பொதுவாக வெடிக்காது, ஆனால் அது சாய்ந்து புதைந்திருந்தால் 'பக்கம்' எது, 'மேல்' எது? ஆகவே விசையின் அளவு மட்டுமல்ல, திசையும் உயிர் சம்பந்தப்பட்டது. வாரியின் பல் ஒன்றில் பட்டதும் அந்தப் பொருள் நகருமா, திரும்புமா, எந்தப் பக்கம் திரும்பும்? அலுமாரிக் கேள்விதான், ஆனால் மண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாமல், சுற்றிலும் மண் முட்டுக்கொடுக்க. உராய்வு மையம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மாமார் இதைக் கணிப்பதில்லை. இழுவையின் பாரம் கையில் மாறும் விதத்தில் உணர்கிறார்கள், உடனே இழுப்பை நிறுத்துகிறார்கள், பிறகு முழங்காலில் இருந்து சின்னக் கருவியால் மண்ணை விலக்குகிறார்கள்.

றோபோ இதற்கு வரவில்லையா என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். வந்திருக்கிறது, ஓரளவுக்கு. யப்பானில் பேராசிரியராக இருந்தவர் ஷிகியோ ஹிரோஸே. ஒரு கம்பியை இழுத்தால் எல்லா மூட்டும் மடங்கி, எந்த வடிவப் பொருளையும் சுற்றி மெல்ல அணைத்துக்கொள்ளும் விரலை 1978 இலேயே செய்து காட்டியவர் அவர். எளிய பொறிமுறைக்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது. அவரின் ஆய்வுகூடமே பிற்காலத்தில் கிறிஃபன் என்ற கண்ணிவெடி றோபோவையும் உருவாக்கியது. கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வாகனம், அதன்மேல் நீளக் கை, கையின் நுனியில் உலோகம் தேடும் கருவி. குரோசியாவிலும் கம்போடியாவிலும் அதைச் சோதித்தார்கள். நிலத்தின் மேடு பள்ளத்தைத் தொடர்ந்து கருவியை அசைப்பதும், சந்தேகமான இடத்தைக் குறிப்பதும் அதன் வேலை. மண்ணைத் தோண்டிப் பொருளைத் தொடுவது மனிதக் கைக்கே விடப்பட்டது. தேடலை இயந்திரம் எடுத்துக்கொண்டது, தொடுகையை எடுத்துக்கொள்ளவில்லை. சங்கிலிகளைச் சுழற்றி நிலத்தை அடித்து வெடிக்க வைக்கும் பெரிய இயந்திரங்களும் உலகில் உண்டு. ஆனால் அவை போன இடத்தைத் திரும்பவும் ஆட்கள் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுமே விடுபடவில்லை என்று நம்பி ஒரு குடும்பத்தைக் குடியேற்ற வேண்டுமே.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. பக்கத்திலேயே விவசாய பீடமும், ஜேர்மன் உதவியோடு வந்த தொழிற்பயிற்சி நிறுவகமும். இயந்திரத்தைப் படிப்பவர், மண்ணைப் படிப்பவர், உலோகத்தை ஒட்டத் தெரிந்தவர் மூவரும் ஒரே சுற்றுவட்டாரத்தில். பற்றும் கையை அல்ல, வாரும் கையை ஆராய இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? இங்கே ஒரு நல்ல ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் கருவி தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேசனின் அலுமாரிக் கோடுகளுக்குத் தாளும் பென்சிலும் போதுமானதாக இருந்தன.

என் வகுப்பில் போன தவணை சிறிதாக ஒன்று தொடங்கினோம். பழைய குப்பைவாரியின் பிடியில் விற்றராசைக் கட்டி, பள்ளிக்கூடக் காணியில் மண் நிரப்பிய நீளப் பெட்டிக்குள் மெல்ல இழுத்தோம். ஒருவர் இழுக்க, ஒருவர் கைத்தொலைபேசியால் விற்றராசின் முள்ளைப் படம் பிடிக்க, மற்றவர்கள் பிறகு படத்தை நிறுத்தி நிறுத்தி விசையை வரைபில் குறித்தார்கள். வெறும் மணலில் வரைபு ஏறக்குறைய நேர்கோடு. சிறு நடுக்கம் மட்டும். ஒரு பால்மா ரின் மூடியைப் புதைத்து இழுத்தபோது கோடு செங்குத்தாக ஏறி, திடீரென்று விழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்றார்கள்.

அடுத்த நாள் ஒரு வேப்பம் வேரைப் புதைத்தோம். வரைபு அதே மாதிரி ஏறியது. அதே மாதிரி விழுந்தது. இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம், எது வேர் எது மூடி என்று எனக்கே சொல்ல முடியவில்லை.

அந்தப் பின்வாங்குப் பிள்ளை, சுளகு என்று சொன்னவள், தாயிடம் போய்க் கேட்டு வந்தாள். தாய் மூன்று வருடம் வாரி பிடித்தவர். வேர் என்றால் முதலில் கொஞ்சம் கூடவே வரும், பிறகு பின்னால் இழுக்கும் என்று சொன்னாராம். பிளாஸ்ரிக் கூட வராது, பல்லுக்கு அடியில் வழுக்கும். வழுக்கும்போது பிடியில் ஒரு சின்னச் சிலுசிலுப்பு வரும். எங்கள் விற்றராசின் முள்ளுக்கு அந்தச் சிலுசிலுப்பைக் காட்டும் வேகம் கிடையாது. முள் அசைந்து அமர்வதற்குள் அது முடிந்துவிடுகிறது.

இந்தத் தவணை பழைய கைத்தொலைபேசி ஒன்றை வாரியின் பிடியோடு இறுக்கிக் கட்டப்போகிறோம். அதற்குள் ஆர்முடுகலை அளக்கும் உணரி இருக்கிறது, செக்கனுக்கு எத்தனையோ தடவை அளந்து எழுதும். வேர், பிளாஸ்ரிக் மூடி, செங்கட்டித் துண்டு, செல் துண்டு அளவில் ஓர் இரும்பு, நாலையும் புதைப்போம். மண்ணை ஒருமுறை காயவிட்டும் ஒருமுறை நனைத்தும் இழுத்துப் பார்ப்போம். தாய் ஒரு சனிக்கிழமை வந்து, பெட்டிக்குள் எது இருக்கிறது என்று தெரியாமல் தானே இழுத்துச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதையும் தொலைபேசி எழுதுவதையும் இரண்டு நிரலாகப் பதிவோம்.